காணாங்கத்தையும் கை நனைக்க வந்தவர்களும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு விசேஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து முட்டிவலியில் வந்து நிற்கும். உங்களுக்குத் தெரியாததா. போன மாதம் உத்திரமேரூரில் ஒரு காதுகுத்துப் பந்தியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இலையில் காணாங்கத்தை மீன் வறுவல் வந்து விழுந்தது. பக்கத்து இலைக்காரி என்னோடு ஐந்தாவது வரை படித்தவள். "எனக்கு வாணாம்பா, இது துன்னா ஒடம்பெல்லாம் செவந்து அரிக்குது" என்று கையால் இலையை மறைத்தாள்.

பரிமாறிக்கொண்டிருந்தது அவள் மகள், நர்ஸ் வேலை பார்க்கிறவள். "மீன் மேல பழி போடாதம்மா. புடிச்ச மீன ஐஸ்ல வெக்காம வெயில்ல போட்டா அதுல ஒரு வெஷம் ஊறும். நாத்தம் வராது. கொதிக்க வெச்சாலும் போவாது. துன்ன அரை மணியில மூஞ்சி செவந்துடும், சாயங்காலத்துக்குள்ள தானா அடங்கிடும்" என்றாள்.

சோறு பிசைந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியாத்தாள் வந்து, அன்று சாயங்காலமே இறங்கிப்போன கதையை நான் ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீன்மேல் எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு. அடித்துச் சொல்ல இந்த நர்ஸ் பெண் பிறந்து வளர்ந்து வர வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது, பெரிய லீவு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் அது தெருவே விரல் விட்டு எண்ணுகிற வயது. அத்தை நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் அப்பா நிமிர்ந்து நுழைவார், அத்தை குனிந்து நுழைவாள். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஒருத்தர் தெருமுனை தாண்டுவதற்குள், "பொண்ணுக்குத் தாலி கட்டணும்னா ஏணி வெக்கணும்" என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. அத்தை அன்றைக்குத் தொழுவம் முழுவதையும் கூட்டினாள்.

எங்கள் பக்கத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டில் காப்பி குடிப்பார்கள், சோறு தின்ன மாட்டார்கள். பிடித்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லியனுப்பி, அன்றைக்குத்தான் பந்தியில் உட்காருவார்கள். அதற்குக் கை நனைக்கிறது என்று பெயர். கை நனைத்து எழுந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் நிச்சயம் ஆன மாதிரி. கை நனைத்தும் வெற்றிலை மாற்றாமல் எழுந்து போய்விட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

மூன்றாவதாக வந்தவர்கள் திருமுக்கூடல் பக்கம். மாப்பிள்ளை அரிசி மில்லில் மோட்டார் பார்க்கிறவர். அத்தையைவிட இரண்டு விரற்கடை குட்டை. அவருடைய அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. எட்டி ஒதைக்கிற மாட்டக் கறக்கத் தெரியும்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறி, இருமி, கண்ணெல்லாம் தண்ணீர். அவருடைய அம்மா மட்டும் சிரிக்காமல் அத்தையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து ஆள் வந்து சொன்னான், ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருகிறார்களாம்.

அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் அடுக்களையில் இருந்து கேட்டேன். "இதுவும் தட்டிப் போச்சின்னா அச்சிறுப்பாக்கத்தாருக்குக் குடுத்துட வேண்டியதுதான். இந்த ஞாயித்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேட்டுட்டுப் போறேன்னு சொல்லிக் கீறாரு." அச்சிறுப்பாக்கத்தார் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பெண்சாதி செத்து இரண்டு வருஷம், இரண்டு பிள்ளைகள், தலையில் பாதி நரை. அம்மா அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் தவித்து, கடைசியில் மாவாட்டும்போது சொன்னாள். அத்தை குழவியை நிறுத்தவில்லை. "எங்க அனுப்பினாலும் போறேன் அண்ணி. ஆனா அந்தப் பசங்கள என்னை அம்மான்னு கூப்புடச் சொல்லி அடிக்க வாணாம்னு சொல்லிடு. அதுங்க பாவம்" என்றாள். அம்மாதான் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கொத்தனார். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரம் ஏதோ பெரிய கட்டட வேலை நடந்தது. அங்கேயே குப்பத்தை ஒட்டித் தங்கியிருந்தார். அவருக்கு வாய் எப்போதும் இரண்டு அடி முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். மாப்பிள்ளையின் அப்பா முதல் தடவை வந்தபோது, "ஆத்து மீனும் ஏரி மீனும் துன்னு நாக்கு செத்துப் போச்சி. கடல் மீன் கண்ணுல பாத்து வருசமாவுது" என்று சொன்னதைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"அவங்களுக்குக் காணாங்கத்தைக் கொழம்பு போடுறோம் அண்ணி. துன்னுட்டு அன்னிக்கே தாலி கட்டுறேன்னு நிப்பாங்க."

"நல்ல காரியத்துக்குக் கவுச்சியா தம்பி?" என்றாள் அம்மா.

"மாப்ள வூட்டுக்காரன் கேட்டுக் கவுச்சி போட்டா அது கவுச்சி இல்ல அண்ணி, மரியாத."

வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடல் காட்டுகிறேன் என்றார். மீனைத் தூக்கிவர ஒரு கை வேண்டும் என்பதுதான் நிஜம்.

சித்தப்பாவுக்கு அங்கே ஒரு படகுக்காரர் சிநேகம். அவர் வீட்டுச் சுவருக்குச் சித்தப்பா பூச்சு பூசிக் கொடுத்திருந்தார். சின்னப் படகு அது. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். ஞாயிறு விடியற்காலை அதைத் தள்ளும்போது நான் மணலில் நின்று அழுதேன், என்னையும் ஏற்று என்று. பக்கத்துப் படகுக்காரர், "பொம்பள ஏறினா வலை காயும்" என்றார். அதற்குப் படகுக்காரரின் மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பத்து வயசு புள்ள இன்னும் பொம்பள ஆவல. நீதான் இன்னும் ஆம்பள ஆவல. ஏத்துய்யா" என்றாள். சிரிப்புச் சத்தத்தில் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் இறைக்க ஒரு தகர டப்பா கொடுத்தார்கள், கைப்பிடிக்குச் சணல் கட்டியது. அலை தாண்டுகிற வரைக்கும் அந்த டப்பாவைத்தான் சாமி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா அலை தாண்டுவதற்குள்ளேயே வாந்தி எடுத்தார். "கொத்தனாரே, செவுத்துக்குப் பூசச் சொன்னா படகுக்குப் பூசறியே" என்றார் படகுக்காரர்.

வெளிச்சம் வந்தது. எங்கள் ஏரியில் தூறல் விழுந்தால் தண்ணீர் புள்ளி புள்ளியாகக் குத்தும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி தூரத்தில் ஒரு களம் அகலத்துக்குக் கடல் குத்திக்கொண்டிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. படகுக்காரர் துடுப்பால் காட்டி, "அதோ மேயுது பாரு" என்றார். அத்தனையும் மீன். சத்தம் போடாமல் சுற்றிப் போய் வலையை விட்டார்கள். பிறகு இழுக்க இழுக்க வலைக் கண்ணுக்குக் கண் ஒரு காணாங்கத்தை. மயில் கழுத்து நிறத்தில் முதுகு, அதில் கரிக்கோடு, வயிற்றில் வெள்ளிக்கு மேல் லேசாகப் பொன் பூசின மாதிரி. பலகையில் விழுந்ததும் படபடவென்று அடித்தன. என் கால் விரல்களுக்கு நடுவில் எல்லாம் அடித்தன. நான் நூறு எண்ணுவதற்குள் அடங்கிப்போயின.

"செத்துப் போச்சா?" என்றேன். எங்கள் ஏரி விரால் மீன் ஈரச் சாக்கில் சாயங்காலம் வரைக்கும் துள்ளும். உலையில் போடும்போதுகூட வாலை ஆட்டும்.

"இது அம்மா வூட்ட வுட்டு வந்தா ஒரு நாழி தங்காது பாப்பா" என்றார் அவர்.

கரையில் அவர் மனைவி காத்திருந்தாள். ஒரு கூடை மீனை எடுத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்தாள். முதுகுப் பக்கமாகக் கீறி, புத்தகம் மாதிரி விரித்து, குடலையும் செவுளையும் எடுத்து, கடல் தண்ணீரிலேயே அலசி, கல் உப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பாள். தேய்க்கிற வேகத்தில் வளையல் பாட்டுப் பாடும். ஜாடியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. மேலே ஒரு கல். "ஒரு பகல், ஒரு ராத்திரி ஊறட்டும். நாளைக்கு எடுத்து அந்த உப்புத் தண்ணியிலயே அலசிட்டுப் பாயில காய வை" என்று என்னிடம் சொன்னாள். அவளுக்கு என்னமோ சித்தப்பாவைவிட என்மேல் நம்பிக்கை.

பாதி மீன் ஜாடிக்குப் போனது. மீதியையும் அறுக்க எடுத்தபோது சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "அது பச்சையா வேணும்க்கா. கொழம்புக்கு."

"வாணாம்டா. மூணு பஸ்ஸு மாறணும், வெயிலப் பாரு. இது காத்துக்கினு இருக்கிற மீனு இல்ல. எல்லாத்துக்கும் உப்பு போட்டுத் தரேன், கருவாடா எடுத்துக்கினு போ."

"மாப்ளைக்குக் கருவாடா போடுவாங்க? நான் பாத்துக்கறேன்க்கா. நாங்க பாக்காத மீனா?"

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. ஏரிக்கரை ஆள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைக் கடல் மீனுக்குச் செய்தார். சாக்கை நனைத்தார், மீனைப் போட்டுக் கட்டினார், மேலே ஈர வைக்கோல் சுற்றினார். விரால் மீனுக்கு அதுதான் வழி. காணாங்கத்தைக்கு அது வேக வைக்கிற வழி. திருக்கழுக்குன்றத்தில் ஒரு குழாயடியில் சாக்கை நனைத்தார். செங்கல்பட்டில் ஒரு டீக்கடைத் தொட்டியில் நனைத்துத் திட்டு வாங்கினார். உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் கூரைமேல் ஏற்றச் சொல்லிவிட்டார். ஜாடி மட்டும் என் மடியில். சித்திரை வெயில் பஸ் கூரைத் தகரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சித்தப்பா பின்னால் ஏணியில் ஏறிச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஜில்லுனு கீது" என்பார்.

வீடு சேர்ந்தபோது மணி பதினொன்று இருக்கும். அம்மா சாக்கை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். கெட்ட வாசனை ஏதும் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது என்றாள். "பஸ்ல வந்தா எனக்குக்கூடத்தான் கண்ணு மங்குது" என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர்தான் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அவர் அம்மா. ஆண்கள் முதல் பந்தி. மாப்பிள்ளை, அவர் அப்பா, எங்கள் அப்பா, சித்தப்பா என்று நாலு இலை. பெண்கள் பிறகுதான். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

"அடேயப்பா, கொழம்புல மொளகு தூக்கலா கீதே. நாக்குல சுருக்குனு குத்துது. இதான் கடல் மீனு" என்று மாப்பிள்ளையின் அப்பா மூன்றாம் தடவை ஊற்றச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். குழம்பில் அவள் மிளகே போடவில்லை. சித்தப்பா ஐந்து துண்டு தின்றார். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. நான் இலை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை இலையை மடித்திருந்தார். தூக்கும்போது மடிப்பு விரிந்து, முழுசாக இரண்டு துண்டு மீன், குழம்பு மட்டும் ஒட்டிக்கொண்டு, சோற்றுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஒரு முள்கூடப் பிரியவில்லை. இவருக்கு மீனே பிடிக்காது போல, சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் கூடத்தில் சத்தம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் அரைத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டிருந்தது. "எரியுதே, இன்னாவோ எரியுதே" என்று சட்டையைக் கழற்றினார். மார்பெல்லாம் தடிப்பு. எங்கள் அப்பாவுக்கும் அப்படியே. சித்தப்பாவைக் கேட்கவே வேண்டாம், கண் இரண்டும் இடுங்கிப்போய், "தலைய இடிக்குது அண்ணி" என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீனுல இன்னாவோ கீது! கெட்ட மீனப் போட்டுட்டானுங்க! எந்திரி, கெளம்பு!" என்று மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அத்தை நின்றாள். வெள்ளிக்கிழமை அச்சிறுப்பாக்கத்தார் வருவார்.

நான் இலைகளைக் கொட்டக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அங்கே, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிடி தேங்காய் நார். அதை வைத்துக்கொண்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், பாத்திரம் விளக்குகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பிறகு கழுத்தைத் தேய்த்தார். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"சொல்லிடாத பாப்பா" என்றார். நாரைக் குவியலில் வீசிவிட்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

"நைனா, இரு. எனக்கும்தான் அரிக்குது. கெட்ட மீனுன்னா வவுத்தப் பொரட்டும், இப்டி செவக்காது. மீன் இல்ல இது, வேற இன்னாவோ" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அவருடைய அம்மா எழுந்து வந்து மகன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அடுக்களைக் கதவுப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம் கையைத் தலைக்குமேல் கூப்பி, "எல்லாரும் வாய மூடுங்க. வந்திருக்கறது ஆத்தா" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மை என்றால் சும்மாவா. "ஆத்தா, தெரியாம பேசிட்டேன் தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்ட இடம் இன்னும் சிவந்தது. அந்தம்மாள் கடகடவென்று உத்தரவு போட ஆரம்பித்தாள். வாசலில் வேப்பிலை கட்டுங்கள். அடுப்பில் தாளிக்காதீர்கள். "கொழம்ப மொதல்ல கொண்டுபோயிக் குழி தோண்டிக் கொட்டுங்க. ஆத்தா வந்த வூட்ல கவுச்சி ஆவாது." அந்தக் குழம்பை அம்மாவும் அத்தையும் நானும் இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை. அந்தம்மாளும் வைத்திருக்கவில்லை. ஆத்தாள் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அம்மை கண்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர்கள் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்கள் வீட்டில். வெற்றிலைத் தட்டை அம்மா எடுத்து உள்ளே வைத்தாள். அம்மை வீட்டில் நல்ல காரியம் பேசக் கூடாது.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் எல்லாருக்கும் சிவப்பு அடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வேப்பிலைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அரை நாள்ல எறங்கிட்டா பாத்தியா? ஒரு பொய், ஒரு களவு கெடையாது எங்கிட்ட. அவளுக்கு நிக்க எடம் இல்ல" என்றார். சித்தப்பா தன் பங்குக்கு, தனக்கும் அதே காரணம்தான் என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் அடங்கவில்லை. நார்க் கீறல் அவ்வளவு லேசில் போகுமா? அவருடைய அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, கீறலில் ஒட்டியிருந்த ஒரு தேங்காய் நாரை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு, அதன்மேல் பூசினாள். கொஞ்சம் அழுத்தியே பூசினாள். அவர் "ஸ்ஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். "ஆத்தா, பொறுத்துக்கோ" என்று அவள் சொன்னது சாமியிடமா மகனிடமா என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஜாடியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அத்தை மறக்கவில்லை. திங்கள் காலை அதைச் சாக்கால் மூடி இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வா, மோட்டார் கொட்டாய்க்குப் போலாம். வூட்ல இல்லாத மீனுக்கு ஆத்தா கோவிச்சிக்க மாட்டா" என்றாள்.

கழனிக் கிணற்றடியில் ஜாடியைத் திறந்தோம். மீனெல்லாம் கெட்டியாகி, உப்புத் தண்ணீர் மேலே ஏறி நின்றது. படகுக்காரர் மனைவி சொன்னதை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அத்தை செய்தாள். அந்தத் தண்ணீரிலேயே அலசி, ஓலைப்பாயில் வரிசையாக விரித்து வைத்தாள். கடல் வாசனை எங்கள் நெல் வயலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கிருந்துதான் அத்தனை காக்கா வந்ததோ.

அத்தை ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "துன்னவங்க நாலு பேரு மட்டும்தான் செவந்தாங்க. துன்னாத பொம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவல. இந்த மீனுதான், ஆத்தா இல்ல. அந்தம்மாவுக்கு நெனப்பு வந்தா நாளைக்கே தெரிஞ்சிடும்."

"துன்னது நாலு இல்ல அத்த, மூணு" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அத்தை திரும்பினாள். சொல்லாதே என்று ஒருவர் கேட்டுக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் இலையைச் சொன்னேன், நாரைச் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்ததையும் செய்து காட்டினேன்.

"பொய் சொல்லலயே?"

"சாமி சத்தியமா."

அத்தை மீனைப் பாயில் வைத்தாள். தொட்டிக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து, இரண்டு மீனைப் புரட்டிப் போட்டாள். மறுபடியும் போய் முகம் கழுவினாள். "இன்னா அத்த?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. காக்கா ஓட்டு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அம்மை வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மாப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார், மாட்டி முடியவில்லை. அத்தை நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். இருவருக்கும் பேச வழியில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் எங்கள் அப்பாவின் தோளைத் தட்டி, "ஆடி போவட்டும், ஆவணியில பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அப்பாவும் நானும் அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனோம். மெயின் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அந்தம்மாள் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். ஆண்கள் மூன்று பேரும் பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார்கள்.

"அன்னிக்கு இலை எடுத்தது நீதான கண்ணு?" என்றாள் மெதுவாக.

தலையை ஆட்டினேன்.

"எம் புள்ளைக்கு அஞ்சு வயசுல தொண்டையில முள்ளு மாட்டிச்சி. அன்னிலேருந்து மீன இலையோரம் ஒதுக்கறவன். எங்க வூட்டுக்காரருக்கு அது தெரியாது. எந்த ஆம்பள புள்ளையோட இலையப் பாத்தான்? யாருக்குச் சொன்ன நீ?"

"அத்தைக்கு மட்டும்."

"நாரையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"அத்த இன்னா சொல்லிச்சி?"

"காக்கா ஓட்டச் சொன்னாங்க."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அவ்ளோதானா?"

"மூஞ்சி கழுவினாங்க. ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையா?"

"ஆமாங்க. நடுவுல ரெண்டு மீன் பொரட்டினாங்க."

அந்தம்மாள் ரோட்டைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்து, "அண்ணே, உங்க ஊரு எல்லை எதோட முடியுது?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"இந்தப் பாலத்தோடம்மா."

அவள் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள். "இங்க வாங்க. வெத்தல எதுனா வெச்சிக்கினு கீறீங்களா?"

அப்பாவிடம் மடியில் அவர் போடுகிற வெற்றிலைதான் இருந்தது. வாடின நாலு இலை, ஒரு கொட்டைப் பாக்கு. அவிழ்த்து எடுத்தார்.

"இன்னாமே இது, ரோட்டுல நின்னுக்கினு!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வூட்ல பேசக் கூடாது, அது ஆத்தா வந்த வூடு. ரோட்டுல பேசக் கூடாதுன்னு எந்த ஆத்தா சொன்னா? வாங்குய்யா. ஆவணி வரைக்கும் எம் புள்ள நாரும் கையுமா நிப்பானா?" என்றாள். நார் என்றால் என்னவென்று அவருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்குப் புரிந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மில் மோட்டார் மாதிரி முகமெல்லாம் சூடேறி, அம்மை வந்த அன்றைக்குக்கூடச் சிவக்காத அளவுக்குச் சிவந்தார். வெற்றிலை கை மாறியது. பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள்.

சித்தப்பா சாகிற வரைக்கும் அது ஆத்தாள்தான் என்று நம்பினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. மாமியாரும் அத்தையும் முப்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று அத்தை சொல்வாள். நார் ரகசியம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நானும் அத்தையும் கழனியில் நினைத்துக்கொண்டிருந்தபோது, எங்களைவிட ஒரு நாள் முந்தியே ஒருத்தி அதைக் கண்டுகொண்டு, ஆத்தாள் பெயரால் மூடியும் வைத்திருந்தாள்.

பஸ் கிளப்பின புழுதி அடங்குவதற்குள் நான் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன், அத்தைக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று. "நில்லு பாப்பா, ஓடாத, நான் சொல்றேன்" என்று பின்னால் அப்பாவின் குரல். நான் நிற்கவில்லை. ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் யாரோ மூச்சிரைக்க என்னைத் தாண்டிப் போனார்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, துண்டு ஒரு பக்கம் விழ, அதை எடுக்கக்கூட நிற்காமல் அப்பா ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.